நீளத்தைப் பார்க்காதீங்க, தராசுல ஏத்திப் பாருங்க: பெரிய மானிட்டர் (உடும்பு இனத்துப் பல்லி) வாங்க நினைக்கிற ஒரு அப்பாவுக்கு

வணக்கம் சார். ஹூஸ்டன்ல இருந்து நீங்க எழுதின லெட்டர் நல்ல நீளம், படிக்கிற மத்தவங்களுக்காக சுருக்கிச் சொல்லிடறேன். உங்க பையனுக்கு 15 வயசு, லெப்பர்ட் கெக்கோன்னு ஒரு சின்னப் பல்லியை ஒழுங்கா வளர்த்துட்டு வர்றான், இப்போ பெரிய மானிட்டர்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். க்ராக்கடைல் மானிட்டர்தான் உலகத்துலயே நீளம், அதனால அதுதான் பலசாலின்னு அவன் கட்சி. வாட்டர் மானிட்டர்தான் பெருசு, ஆனா சாதுன்னு நீங்க எங்கயோ படிச்சிருக்கீங்க. ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் வச்சிருக்கிற பிளாக் த்ரோட் மானிட்டர் அவர் மடியிலயே தூங்குதாம், அதனால அவர் அதைத்தான் வாங்கச் சொல்றாரு. "டாக்டர், இந்த மூணுல நிஜமாவே எது பெருசு, எதுக்கு பலம் ஜாஸ்தி, எங்க வீட்ல எதை சமாளிக்க முடியும்"னு கேட்டிருக்கீங்க. ஊர்ல சித்தப்பா உடும்பு பிடிச்சுத் தர்றேன்னு சொன்னதைப் பத்தியும் ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு கடைசியில வர்றேன். வீட்ல 4 வயசுப் பொண்ணு இருக்கான்னு கடைசி வரியில போறபோக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அதைத்தான் நான் முதல் வரியா எடுத்துக்கிட்டேன்.

முதல்ல தம்பியோட வாதத்துக்கு வருவோம். நீளத்துல அவன் சொல்றதுல நியாயம் இருக்கு, நியூ கினி காட்டுல மரத்து மேல வாழ்ற க்ராக் மானிட்டர் 8 அடி வரைக்கும் வளர்ந்ததுக்கு நம்பகமான அளவு இருக்கு. 15 அடின்னு சுத்துற கதையெல்லாம் யாரும் டேப் வச்சு அளந்து காட்டினது கிடையாது, அதை விட்டுடலாம். ஆனா அந்த 8 அடியில மூணுல ரெண்டு பங்கு வால். அதாவது மூக்கு நுனியில இருந்து கழிவுத் துவாரம் வரைக்கும், நாங்க எஸ்.வி.எல்-னு சொல்ற அளவு, சுமார் ரெண்டரை அடிதான் வரும். அதுவும் ஒல்லியான, மரம் தாவுற உடம்பு. 7 அடி வாட்டர் மானிட்டரை எடுத்தா வால் அறுபது சதவீதம்தான், உடம்பு ரெண்டே முக்கால் அடி கிட்ட வந்துடும், அதுவும் அகலமா, கழுத்து தடிச்சு, கால் தூண் மாதிரி இருக்கும். 5 அடி பிளாக் த்ரோட்டுக்கு வால் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட, அதனால அதோட உடம்பும் ரெண்டே கால் அடி இருக்கும். இப்போ மூணையும் வால் இல்லாம மனசுல வரிசையா படுக்க வச்சுப் பாருங்க, 8, 7, 5-ன்னு பெரிய வித்தியாசமா தெரிஞ்சது அரை அடிக்குள்ள அடங்கிடுது. அதனாலதான் கிளினிக்ல யாராவது "எங்களோடது 6 அடி டாக்டர்"னு ஆரம்பிச்சா நான் நோட்ல எழுதிக்கிறதே இல்லை, தராசு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுத்தான் எழுதுவேன்.

தராசுல ஏத்தினா கதை மாறிடும். வீட்ல வளர்ற நல்ல ஆண் வாட்டர் மானிட்டர் 15, 20 கிலோ வர்றது சாதாரணம், அதுக்கு மேல போறதும் உண்டு. பிளாக் த்ரோட் ஆண் 10 கிலோவைத் தாண்டும், சிலது 15 கிலோவையும் தாண்டும், இத்தனைக்கும் ஆளு குள்ளம். க்ராக் மானிட்டர் நீளத்துல ரெண்டையும் முந்தினாலும் எடையில அதே நீளமுள்ள வாட்டர் மானிட்டர்கிட்ட கூட வராது. ஆக உங்க மூணு பேர் சண்டைக்குத் தீர்ப்பு: நீளத்துக்கு க்ராக், எடைக்கு வாட்டர், நீளத்துக்கு ஏத்த கனத்துக்கு பிளாக் த்ரோட்.

இன்னொரு கணக்கு இருக்கு, இதை தம்பியையே போடச் சொல்லுங்க, ஸ்கூல்ல படிச்சிருப்பான். உடம்பு வாகு மாறாம நீளம் மட்டும் கூடினா எடை அந்த விகிதத்தோட க்யூப் அளவுக்கு, அதாவது அதை மூணு தடவை எழுதிப் பெருக்கின அளவுக்குக் கூடும். 4 அடி வாட்டர் மானிட்டர் 6 அடி ஆச்சுன்னா நீளம் ஒன்றரை மடங்கு, எடை கிட்டத்தட்ட மூணே கால் மடங்குக்கு மேல. வாங்கறவங்க எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான். குட்டி வரும்போது சுமார் ஒரு அடி, கையில சுருண்டுக்கும், 3 அடி வரைக்கும் ஒரு சின்னப் பையன் கூட சமாளிச்சிடுவான், அந்த நம்பிக்கையில அப்படியே விட்டுடறாங்க, 6 அடி ஆனதும் இது வேற ஜந்துவா மாறி நிக்கும். ஆண் பெண் வித்தியாசம் வேற இருக்கு, ஆண்தான் ரொம்பப் பெருசாகும், ஆனா குட்டியில பார்த்து இது ஆணா பெண்ணான்னு சொல்றது கஷ்டம், பிரீடர் "ஃபீமேல் சார், பெருசாகாது"னு அடிச்சுச் சொன்னா கொஞ்சம் யோசிங்க.

ரெக்கார்டுன்னு பார்த்தா வாட்டர் மானிட்டர்ல பெருசா பதிவானது இலங்கையில, கண்டியில, 3.21 மீட்டர், அதாவது பத்தரை அடி. நம்ம இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இது கபரகொய்யா, சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கொழும்பு கால்வாய்ங்கள்ல ராஜா மாதிரி நீந்திட்டுப் போறது அதுதான். இலங்கையில இருக்கிறது தனி உட்பிரிவு, அமெரிக்கா பெட் கடைங்களுக்கு வர்றது பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா பக்கத்து வகை. அதனால கண்டி ரெக்கார்டை வச்சு உங்க வீட்டுக் குட்டி பத்து அடி ஆகும்னு தம்பி கனவு காண வேணாம், 6, 7 அடின்னு வச்சுக்கோங்க, அதுவே தாங்காது. கொமோடோ டிராகன் இதுக்கெல்லாம் மேல, ஆண் 70 கிலோவுக்கு மேல போகும், ஆனா அது ஜூ சமாச்சாரம், நமக்கு இங்க வேலையில்லை. ஆஸ்திரேலியாவோட பெரென்டி, லேஸ் மானிட்டர் ரெண்டும் பெரிய சைஸ்தான், அந்த நாடு தன் காட்டுயிரை வியாபாரத்துக்கு ஏற்றுமதி பண்ண விடறதில்லை, அதனால வெளியில கிடைக்கிறதும் அபூர்வம், விலையும் அப்படி.

சரி, பலம். இதுலதான் தம்பி நீளத்தையும் பலத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறான். மானிட்டருக்கு பலம் ஒரே இடத்துல இல்லை, பல்லுல ஒண்ணு, தாடையில ஒண்ணு, நகத்துல ஒண்ணு, வால்ல ஒண்ணு, அதுவும் இனத்துக்கு இனம் வேற.

க்ராக் மானிட்டரோட பலம் பல்லு. மத்த மானிட்டருக்கு பல் பின்னாடி வளைஞ்சு சின்னதா இருக்கும், இதுக்கு நீளமா, கிட்டத்தட்ட நேரா இருக்கும், முன் பல்லு தனியா தெரியும். இது நசுக்காது, அறுக்கும். கடிச்சுட்டு தலையைப் பின்னாடி இழுக்கும்போது தசை, தசைநார் வரைக்கும் போயிடும், கையில கடி வாங்கினவங்க விரல் மறுபடி மடங்குறதுக்கு ஆபரேஷன் தேவைப்படற அளவுக்கு ஆகலாம். இவ்ளோக்கும் அதோட தாடை பலம்னு பார்த்தா பெருசா ஒண்ணும் இல்லை. இது கேக்கறதுக்கு விசித்திரமா இருக்கும், ஆனா கொமோடோவுக்கே அப்படித்தான், 2009-ல வந்த ஒரு ஆராய்ச்சியில கொமோடோ மண்டை ஓட்டை கம்ப்யூட்டர் மாடல் போட்டு அதே சைஸ் ஆஸ்திரேலிய உப்புநீர் முதலையோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க, கடிக்கிற அழுத்தம் முதலையை விட ரொம்ப ரொம்பக் கம்மி. கொமோடோ ஜெயிக்கிறது கழுத்தால இழுத்து, ரம்பம் மாதிரி இருக்கிற பல்லால கிழிச்சு. அதனால "இத்தனை பி.எஸ்.ஐ கடி"னு (பி.எஸ்.ஐ-ன்னா அழுத்தத்தை அளக்கிற அளவு) வீடியோவுல ஒரு நம்பரைப் போட்டு ஒவ்வொரு மானிட்டருக்கும் ரேங்க் கொடுக்கிறாங்களே, அதைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க. அழுத்தம் கம்மியா இருக்கிற ஒண்ணு உங்க கையை இன்னும் மோசமா பண்ணிடும்.

பிளாக் த்ரோட் இதுக்கு நேர் எதிர். வளர்ந்த பிளாக் த்ரோட்டுக்கு பல்லு மழுங்கி, தடிச்சு இருக்கும், நத்தை, வண்டு, ஓடு இருக்கிற ஐட்டங்களை நொறுக்கறதுக்கு. நைல் மானிட்டருக்கும், கடைங்கள்ல சீப்பா கிடைக்கிற சவான்னா மானிட்டருக்கும் அதே டிசைன். இதுங்க கடிச்சா கிழிக்கறதை விட நசுக்கும், பிடிச்சா விடவும் விடாது. விரல் எலும்பு என்னாகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. வாட்டர் மானிட்டர் பல்லு ரெண்டுக்கும் நடுவுல, கூர்மை, ஓரத்துல ரம்பம், ஆனா க்ராக் அளவுக்கு நீளம் இல்லை. மீன், தவளை, எலி, முட்டை, செத்தது எல்லாம் சாப்பிடறதுக்கு ஏத்த ஆல்ரவுண்டர் வாய்.

விஷம் இருக்கான்னு கேட்பீங்க. மானிட்டர்களோட கீழ்த்தாடையில ஒரு சுரப்பி இருக்கு, அதுல வர்றது ரத்தம் உறையறதைத் தடுக்கும்னு 2006-லயும் அப்புறமும் ஆராய்ச்சி வந்திருக்கு, அதை விஷம்னு சொல்லலாமா, வேட்டைக்கு அது உதவுதான்னு நிபுணருங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயலை. நல்ல பாம்பு ரேஞ்சுக்கு பயப்பட வேணாம். ஆனா கடி பட்ட இடம் வீங்கும், ரத்தம் நிக்க லேட் ஆகும், காயத்துல பாக்டீரியா கண்டிப்பா போகும், அதனால சோப்பு போட்டு ஓடற தண்ணியில நல்லா கழுவிட்டு நேரா எமர்ஜென்சிக்கு போயிடணும், வீட்ல மஞ்சள் வச்சுக் கட்டிட்டு உக்காரக்கூடாது.

நகத்தைப் பத்தி உங்க லெட்டர்லயே ஒண்ணு இருந்துச்சு, உடும்பு இடுப்புல கயிறு கட்டி கோட்டைச் சுவர் ஏறினாங்கன்னு தாத்தா சொன்ன கதை. மராட்டியத்துல தானாஜி சிங்ககட் கோட்டையை 1670-ல பிடிச்ச கதையிலயும் இதே உடும்பு வரும். ஒரு ஆளோட எடையைத் தாங்கிட்டு ஒரு உடும்பு சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும்னு நான் நம்பலை. ஆனா அந்தக் கதை எங்க இருந்து பிறந்திருக்கும்னு கிளினிக்ல தினமும் பார்க்கிறேன். டவல் மேல இருக்கிற வாட்டர் மானிட்டரைத் தூக்கினா டவலும் கூடவே வரும், டவலை விடுவிச்சா மேட் வரும், ஒவ்வொரு நகமா எடுத்து விடணும், நாலாவது காலை எடுக்கிறதுக்குள்ள முதல் கால் மறுபடி பிடிச்சிருக்கும். க்ராக் மானிட்டருக்கு நகம் இன்னும் மோசம், மரத்துல தொங்கறதுக்குன்னு வளைஞ்ச கொக்கி. பழக்கமான, கடிக்கிற எண்ணமே இல்லாத மானிட்டர் கூட உங்க தோள்ல ஏறி இறங்கினாலே முதுகுல கோடு கோடா இழுத்துட்டுப் போயிடும், கோபமே தேவையில்லை.

வாலைப் பத்தி எல்லாரும் ஜாஸ்தி பயப்படறாங்க. அடிச்சா வலிக்கும், தடம் பதியும், கண்ணுல பட்டா ஆபத்து, அவ்ளோதான். ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க, வீட்டுப் பல்லி மாதிரி மானிட்டருக்கு வால் துண்டானா திரும்ப வளராது, அதனால வாலைப் பிடிச்சுத் தூக்கற வேலையே கூடாது.

இதெல்லாத்தையும் விட எனக்கு முக்கியமாப் படறது ஸ்டாமினா. சாதாரண பல்லி, ஓணான் எல்லாம் ஓடும்போது ஒழுங்கா மூச்சு விட முடியாது, உடம்பு பக்கவாட்டுல வளைஞ்சு வளைஞ்சு ஓடறதால நுரையீரலுக்கு காத்து சரியா போகாது, அதனால கொஞ்சம் போராடிட்டு களைச்சுப் படுத்துடும். மானிட்டர் அந்தப் பிரச்சினையை தொண்டையால சமாளிக்குது, ஓடிக்கிட்டே தொண்டையை பம்ப் மாதிரி அடிச்சு காத்தை உள்ள தள்ளும், 1999-ல சவான்னா மானிட்டரை ட்ரெட்மில்ல ஓட விட்டு இதை நிரூபிச்சாங்க. அதனால இக்வானா வளர்த்த அனுபவத்துல "கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிச்சா அடங்கிடும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. சூடா இருக்கிற மானிட்டர் அடங்காது, உங்க கை வலிக்கிற வரைக்கும் காத்திருந்து திரும்பும்.

"சூடா இருக்கிற"ன்னு சொன்னேன்ல, அதையும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நீங்க ஃப்ரெண்ட் வீட்ல பார்த்த சாதுத்தனம் எவ்ளோ நிஜம்னு இதுலதான் தெரியும். இதுங்களுக்கு உடம்பு சூடு வெளியில இருந்துதான் வரணும். பாஸ்கிங் லைட்டுக்கு, அதாவது அது காயறதுக்குப் போடற சூட்டு லைட்டுக்கு, அடியில தரை 50, 60 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தாதான் அது முழு பலத்தோட இருக்கும், சாப்பிட்டது ஜீரணமாகும். ஏசி போட்ட ஹால்ல, 22 டிகிரியில, சோஃபாவுல மடியில கிடக்கிற மானிட்டர் பாதி நேரம் அன்பால கிடக்கலை, இன்ஜின் சூடாகாம கிடக்கு. ரெப்டைல் எக்ஸ்போவுல டப்பாவுல வச்சு விக்கிறாங்களே, அதுவும் அப்படித்தான், குளிர்ந்து, பயந்து உறைஞ்சு போயிருக்கும், பார்க்கிறவங்களுக்கு "அட, எவ்ளோ அமைதி"ன்னு தோணும். அதனால ஃப்ரெண்டோட பிளாக் த்ரோட்டை நீங்க எடை போடணும்னா, அது காலையில லைட்டுல நல்லா காய்ஞ்ச அப்புறம், பசியோட இருக்கிற நேரத்துல, அவர் என்க்ளோஷர் கதவைத் திறக்கும்போது எப்படி வருதுன்னு பாருங்க. அப்பவும் அமைதியா வந்தா அவர் நிஜமாவே நல்லா பழக்கியிருக்காருன்னு அர்த்தம், பிளாக் த்ரோட்ல அது நடக்கும், நான் இல்லைன்னு சொல்லலை.

அதையே பார்க்கும்போது இன்னொண்ணும் பாருங்க, அது குண்டா இருக்கா. மடியில படுத்துத் தூங்கற பிளாக் த்ரோட்ல நான் பார்க்கிற பாதி கேஸ் கொழுப்பு கேஸ்தான். நடக்கும்போது வயிறு தரையில இழுபடுதா, வால் ஆரம்பிக்கிற இடம் உருண்டையா ஊதியிருக்கா, தொடைகிட்ட தோல் மடிப்பு மடிப்பா இருக்கா. எக்ஸ்ரே எடுத்தா வயித்துல ரெண்டு பக்கமும் கொழுப்புப் பை நுரையீரலைத் தள்ளிட்டு நிக்கும். அதோட காட்டு உறவுகளை நமீபியாவுல எட்டோஷா பக்கம் காட்டுல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, மழைக்காலத்துல வயிறு முட்டத் தின்னுட்டு வறட்சி மாசங்கள்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே சாப்பிடாம அந்தக் கொழுப்புலயே ஓட்டும், தின்கிற காலத்துல தீனிக்காக நாள்பூரா அலையும். இங்க அலைச்சல் கிடையாது, வறட்சி கிடையாது, வாரத்துக்கு நாலு எலி. அப்புறம் "17 கிலோ, செம பலம்"னு பெருமை. அந்த 17-ல எத்தனை கிலோ தசைன்னு கேட்டா பதில் வராது, ஈரல்ல கொழுப்பு படிஞ்சு, தண்ணி பத்தாம கவுட்ங்கிற மூட்டு நோய் வந்து, மூட்டு வீங்கி, பத்து வருஷத்துக்குள்ளயே முடிஞ்சுடும். நல்லா பார்த்துக்கிட்டா 15, 20 வருஷம் இருக்க வேண்டிய ஜீவன்.

இப்போ சமாளிக்கிற விஷயம். ஒரு வாட்டர் மானிட்டரை நாங்க எப்படி எடை போடறோம்னு சொன்னா உங்களுக்கே புரியும். பெரிய நாயை நிறுத்தற தரைத் தராசு மேல மூடி போட்ட பிளாஸ்டிக் டப் ஒண்ணு, காலி டப் எடையை ஜீரோ பண்ணிக்குவோம். ஒருத்தர் பின்னாடி இருந்து வந்து ஒரு கையை தோளுக்கு மேல, முன்னங்கால் ரெண்டும் உடம்போட ஒட்டி பின்பக்கமா போற மாதிரி பிடிப்பாரு, இன்னொரு கை இடுப்புல, பின்னங்கால் ரெண்டையும் வால் ஆரம்பிக்கிற இடத்தோட சேர்த்து. நகம் எல்லாம் வால் பக்கமா பார்க்கணும், நம்ம பக்கமா இல்லை. ரெண்டாவது ஆளு வாலை அக்குள்ல அடக்கிக்குவாரு. மூணாவது ஆளு டப் மூடி. 15 கிலோவுக்கு மேல போனா மூணு பேர் இல்லாம நாங்க தொடறதில்லை, தினமும் இதே வேலை பார்க்கிறவங்க நாங்க. எக்ஸ்ரேக்கு படுக்க வைக்கணும்னா ஒரு சின்ன டெக்னிக் இருக்கு, மூடின கண்ணு மேல பஞ்சு உருண்டை வச்சு லேசா பேண்டேஜ் சுத்துவோம், அந்த மெல்லிய அழுத்தத்துல இதயத் துடிப்பு குறைஞ்சு சில நிமிஷம் அப்படியே கிடக்கும், மயக்க மருந்து இல்லாமலே படம் எடுத்துடலாம். ஆனா டொம்முனு ஒரு சத்தம் கேட்டா போதும், எழுந்து ஓடிடும். இதை வீட்ல ட்ரை பண்ணாதீங்க, கண்ணு போயிடும்.

உங்க வீட்ல அந்த மூணு பேர் யாரு? நீங்க, தம்பி, அப்புறம்? மேடம் கிட்ட வரமாட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தம்பி மூணு வருஷத்துல காலேஜ் போயிடுவான், அப்போதான் இது முழு சைஸுக்கு வந்திருக்கும், காலேஜ் ஹாஸ்டல்ல 7 அடி மானிட்டரை விடமாட்டாங்க. அப்போ யார் பார்த்துக்கப் போறதுன்னா, சார், நீங்கதான்.

இடத்தைச் சொல்லவே வேணாம், இருந்தாலும் சொல்றேன். பிளாக் த்ரோட்டுக்கு 8 அடிக்கு 4 அடி, தோண்டி உள்ள போற அளவுக்கு மண்ணு, அதுவே ஆரம்பம்தான். வாட்டர் மானிட்டருக்கு ஒரு ரூமையே ஒதுக்கிட்டு, முழு உடம்பும் முங்கற தொட்டி வச்சு, அதுல தினமும் கக்கா போகும், தினமும் மாத்தணும். க்ராக் மானிட்டருக்கு அகலத்தோட உயரமும் வேணும். கரண்ட் பில் பத்தி நான் பேசலை, ஹூஸ்டன் சம்மர்ல ஏசி ஓடற வீட்டுக்குள்ள 60 டிகிரி லைட் எரியற கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

சரி பாப்பாவுக்கு வருவோம். ஊர்வன எல்லாத்துக்குமே குடல்ல சால்மொனெல்லாங்கிற பாக்டீரியா இருக்கலாம், ஜீவனுக்கு ஒண்ணும் ஆகாது, நமக்கு ஆகும், சின்னப் பிள்ளைங்களுக்கு சீரியஸா ஆகும். 5 வயசுக்குள்ள பிள்ளை இருக்கிற வீட்ல ஊர்வன வேணாம்னுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், சிடிசி, சொல்லுது. அந்தக் கணக்குக்கு கெக்கோவையே தம்பி ரூமுக்குள்ள மட்டும் வச்சு, கை கழுவற விஷயத்துல கறாரா இருங்க, அது தொட்டியை கிச்சன் சிங்க்ல கழுவற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. மானிட்டர்னா இதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு. சாப்பாட்டு நேரத்துல மானிட்டர் கடிக்கிறது கோபத்துல இல்லை, அசையறதையும் வாசனையையும் பார்த்து பாயுது. சிக்கன் நக்கெட் தின்ன கையோட, தரையில உக்காந்து, குடுகுடுன்னு ஓடற 4 வயசுக் குழந்தை 15 கிலோ வேட்டை மிருகத்துக்கு எப்படித் தெரியும்னு நான் விளக்கணுமா? எத்தனை சாதுவா இருந்தாலும் வேணாம். பாங்காக் லும்பினி பார்க்குல வாட்டர் மானிட்டருங்க ஜனங்களுக்கு நடுவுலயே திரியுதேன்னு தம்பி வீடியோ காட்டுவான், அங்க அதுக்கு ஏரி இருக்கு, விலகிப் போக வழி இருக்கு, உங்க ஹால்ல இல்லை.

அதனால என் பதில்: க்ராக் மானிட்டர் உங்களுக்கு எப்பவுமே வேணாம், அது வருஷக்கணக்கா பெரிய மானிட்டர் வளர்த்தவங்களுக்கே பாடம் எடுக்கும், அதுலயும் வர்றதுல நிறைய காட்டுல பிடிச்சது. நைல் மானிட்டர் பத்தி நீங்க கேக்கலை, சீப்பா கிடைக்குதுன்னு தம்பி கேட்பான், அதுக்கும் நோ. குணம் முரடு, ஃப்ளோரிடாவுல கேப் கோரல் ஊர்க் கால்வாய் முழுக்க 1990 வாக்குல இருந்து சுத்துறது இப்படி வாங்கிட்டு சமாளிக்க முடியாம விட்டதுல இருந்து பெருகினதுதான், அங்க 2021-ல தடைப் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. வாட்டர் மானிட்டர், பிளாக் த்ரோட் ரெண்டும் கேப்டிவ் பிரெட், அதாவது வளர்ப்புலயே பிறந்த குட்டியா எடுத்து, டார்கெட் ட்ரெய்னிங் பண்ணி, அதாவது ஒரு குச்சி நுனியில இருக்கிற பந்தைப் பார்த்தா சாப்பாடு, கொக்கியால லேசா தொட்டா இது சாப்பாட்டு நேரம் இல்லைன்னு பழக்கி, நல்லா வளர்த்தவங்களை எனக்குத் தெரியும். ஆனா அவங்க வீட்ல சின்னப் பிள்ளை இல்லை, தனி ரூம் இருக்கு, வேற வேலை கம்மி. பாப்பா வளர்ந்து, தம்பி படிப்பு முடிஞ்சு, அவனுக்குன்னு ஒரு வீடு வந்த அப்புறமும் ஆசை இருந்தா அவன் பிளாக் த்ரோட்டுல ஆரம்பிக்கட்டும்.

இப்போதைக்கு மானிட்டர் வளர்த்தே ஆகணும்னா, பாப்பாவுக்கு 5 வயசு தாண்டினதும் ஆக்கி மானிட்டர். ரெண்டு அடிக்குள்ள, பாதிக்கு மேல வால், ஆஸ்திரேலியா இனம்தான் ஆனா வெளியில ரொம்ப நாளாவே பிரீட் பண்றாங்க, கேப்டிவ் பிரெட் ஈஸியா கிடைக்கும். அதே 60 டிகிரி பாஸ்கிங், அதே மண்ணு தோண்டற வேலை, அதே புத்திசாலித்தனம், அதே தொண்டை பம்ப். தம்பி மூஞ்சை சுளிப்பான், "இது பல்லி மாதிரி இருக்கு"ம்பான். ஆக்கியை ரெண்டு வருஷம் கொழுப்பு ஏறாம, டெம்பரேச்சர் தப்பாம வளர்த்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்னு சொல்லுங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஏரியாவுல ஊர்வன பார்க்கிற டாக்டர் இருக்காங்களான்னு தேடுங்க, எல்லா கால்நடை டாக்டரும் பார்க்கமாட்டாங்க. சிட்டி ரூல், வீடு அசோசியேஷன் ரூல், வீட்டு இன்சூரன்ஸ் மூணையும் படிச்சுடுங்க, இன்சூரன்ஸ்காரங்க கடி கேஸ்னா கை விரிக்கிறது சகஜம்.

கடைசியா சித்தப்பா விஷயம். லீவுல ஊருக்குப் போறப்போ தம்பி கையில பிடிச்சுப் பார்க்க உடும்பு ஒண்ணு பிடிச்சு வைக்கிறேன்னாராம். உடனே போன் போட்டு வேணாம்னு சொல்லுங்க. உடும்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, பிடிக்கிறது, வச்சிருக்கிறது ரெண்டும் குத்தம், 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் தனி. ஆசைக்கு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டாலே வனத்துறை வீட்டு வாசல்ல நிக்கும். தம்பிக்கு பெரிய மானிட்டரை நேர்ல பார்க்கணும்னா சென்னையில இருந்து மகாபலிபுரம் போற ஈசிஆர் ரோட்டுல வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கு, வாட்டர் மானிட்டர் அங்க பார்க்கலாம். காலையில வெயில் ஏறின நேரமா கூட்டிட்டுப் போங்க, அப்போதான் அதுங்க காய்ஞ்சு முடிச்சு நடமாடும். எந்த நாள் லீவுன்னு மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.